பழைய தமிழ்ப் படங்களிலிருந்து உடுப்பும் பொழுதுபோக்கும்: நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள்?

கொங்குநூல்:
வணக்கம் நண்பர்களே. 1960, 70களில் வந்த தமிழ்ப் படங்களை வரிசையாகப் பார்த்து வருகிறேன். கதைக்காகத்தான் தொடங்கினேன். இப்போது பாதி நேரம் படத்தை அங்கங்கே நிறுத்திவிட்டு, ரவிக்கையின் கை எங்கே முடிகிறது, முதுகுப் பக்கம் கழுத்து எவ்வளவு இறக்கம், முந்தானையை எப்படி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதாநாயகியின் உடையை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அது அவருக்காகவும் அந்த விளக்குகளுக்காகவும் அந்த ஒரு பாட்டுக்காகவும் தைத்தது. அவருக்குப் பின்னால் நிற்கும் தோழி, ஆசிரியை, அண்ணி, அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண், இவர்களைப் பாருங்கள். முழங்கைக்குச் சற்று மேலே முடியும் கை, மூடிய கழுத்து, கரை மட்டும் எடுப்பாகத் தெரியும் பருத்திப் புடவை. நாளைக் காலை அப்படியே வேலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம். அவள் ஒரு தொடர்கதை (1974) படத்தில் சுஜாதா வேலைக்குப் போகும் காட்சிகளை உடைக்காக மட்டும் ஒருமுறை பாருங்கள், நான் சொல்வது புரியும்.

உடை மட்டுமில்லை. அந்தப் படங்களில் எதுவும் நடக்காத நேரத்தில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. கேரம் ஆடுகிறார்கள், தோட்டத்தில் பூப்பந்து அடிக்கிறார்கள், திண்ணையில் தாயம் உருட்டுகிறார்கள், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு அணைக்குப் போகிறார்கள். காதலிக்க நேரமில்லை (1964) ஆழியாறு பக்கம் எடுத்த படம், எங்கள் ஊரிலிருந்து எட்டிவிடும் தூரம். அந்த இடத்தில் இப்போதும் போய் உட்காரலாம், யாரும் தடுக்கப் போவதில்லை, ஆனால் நாம் போவதில்லை.

நீங்கள் யாராவது இப்படிப் பழையதிலிருந்து எதையாவது எடுத்து உங்கள் வாழ்க்கைக்குள் கொண்டுவந்திருக்கிறீர்களா? தையல், துணி, விளையாட்டு எதுவானாலும் சரி. விவரமாக எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிப்பேன்.

நாய்க்காதுகாலர்:
ஆண்கள் பக்கத்திலிருந்து நான் ஆரம்பிக்கிறேன். எனக்கு 70களின் கடைசிதான் உயிர். நினைத்தாலே இனிக்கும் (1979) பாருங்கள், சிங்கப்பூரில் எடுத்த இசைக்குழுக் கதை, கமலும் ரஜினியும் சேர்ந்து நடித்தது, காலர், பெல்பாட்டம், கிருதா என்று அந்தக் காலத்து ஆண்பிள்ளை அலங்காரம் முழுக்க அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் மவுசு டெரிலின் துணிக்கு, அதாவது பாலியெஸ்டருக்கு. சுருங்காது, இஸ்திரி வேண்டாம், துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காயும், அதனால் எல்லாரும் அதை விரும்பினார்கள். சென்னை மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், துணியை விட்டுவிடுங்கள். கனமான பருத்தி டிரில் துணியில், இடுப்பு சற்று உயரமாக, தொடையில் ஒட்டி, முழங்காலுக்குக் கீழே மெதுவாக விரியும்படி தைக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் கீழ்ச்சுற்று 24 அங்குலம் வரை போனது. இன்றைக்கு 19, 20 போதும், நடக்கும்போது அந்த அசைவு கிடைத்துவிடும், மாறுவேடம் போட்ட மாதிரியும் தெரியாது.

அப்புறம் தையல்காரர் விஷயம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவராகப் பாருங்கள். படத்திலிருந்து எடுத்த ஒரு காட்சியைக் கைபேசியில் காட்டினால் போதும், அவருக்குக் கண் மின்னும், அவரே காலருக்கு உள்ளே என்ன கேன்வாஸ் வைக்க வேண்டும் என்று சொல்லுவார்.

சவுரிமுடி:
கொங்குநூல், கைக்கு முழங்கை வரை என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய ரவிக்கையில் அக்குள் சுற்று இறுக்கமாக, உயரமாக வெட்டியிருப்பார்கள், அதனால்தான் கையைத் தூக்கினாலும் ரவிக்கை மேலே ஏறாது. இப்போது பெரும்பாலும் அக்குளைத் தளர்த்தி வெட்டிவிட்டு லைனிங் வைத்து விறைப்பாக்கிவிடுகிறார்கள். லைனிங் இல்லாமல் டூ பை டூ என்னும் ரவிக்கைப் பருத்தித் துணியில் தைக்கச் சொல்லுங்கள். பாட்டியிடமோ அத்தையிடமோ பழைய ரவிக்கை ஒன்று இருந்தால் அதையே அளவு ரவிக்கையாகக் கொடுங்கள், உங்கள் உடம்புக்கு வேண்டிய மாற்றத்தை மட்டும் வாயால் சொல்லுங்கள். சொல்லிப் புரியவைப்பதைவிடத் துணியைக் கையில் கொடுப்பது நூறு மடங்கு மேல்.

கொண்டை பற்றி யாரும் எழுதவில்லை. 60களின் அந்த உயர்ந்த கொண்டைக்குள் சவுரி இருக்கிறது, அவ்வளவு முடி யாருக்கும் இல்லை. சின்ன சவுரி ஒன்று வைத்து, பின்கழுத்தில் தாழ்வாகக் கொண்டை போட்டு, கனகாம்பரம் ஒரு சரம் சுற்றினால் நாள் முழுக்க நிற்கும்.

சுருள்பெட்டி:
நான் பல வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக வேலை பார்த்தவன். இழையைப் படித்ததும் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பழைய வண்ணப் படத்தைப் பார்த்து அதே நிறத்தில் புடவை தேடாதீர்கள். நீங்கள் பார்க்கும் நிறம் பல நேரம் அந்தப் புடவையின் நிறமே இல்லை.

ஈஸ்ட்மன்கலர் சுருளில் மூன்று சாயப் படலங்கள் இருக்கும். அந்தக் காலத்துப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும். அது போய்விட்டால் திரை முழுக்க இளஞ்சிவப்பாக, ரோஜா நிறமாக மாறிவிடும். சூட்டிலும் ஈரத்திலும் பெட்டிக்குள் கிடந்த சுருள் இன்னும் சீக்கிரம் கெடும், நம் ஊரில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா? சீக்கிரம் மங்காத பிரிண்ட் சுருள்கள் 1980களின் தொடக்கத்தில்தான் வந்தன. 70களில் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ சுருளிலும் நிறையப் படம் எடுத்தார்கள், அதன் நிறச்சாயல் இன்னொரு மாதிரி. ஆகவே தொலைக்காட்சியில் பழுப்பாகத் தெரிகிற புடவை நல்ல பச்சையாக இருந்திருக்கலாம். புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள். கர்ணன் (1964) 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி வெளியானபோது திரையரங்கில் பார்த்தேன். அந்தச் சிவப்பையும் பொன்நிறத்தையும் பார்த்துவிட்டு இடைவேளையில் எழுந்திருக்க மனம் வரவில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்திலும் இதே எச்சரிக்கை. தூய வெள்ளை விளக்கொளியில் கண்ணைக் கூசும் என்பதால் இளமஞ்சள், இளநீலம் மாதிரி நிறங்களை உடுத்தி எடுப்பது வழக்கம். திரையில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் வெள்ளை இல்லை. ஆனால் இது உங்களுக்கு வசதிதான் அம்மா, கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தை மறைத்துவிட்டுக் கட்டம், கோடு, கரை அகலம், துணி விழும் விதம், இவற்றை மட்டும் காட்டுகிறது. உடையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது என்பேன்.

கொங்குநூல்:
சுருள்பெட்டி ஐயா, மிக்க நன்றி. ஒரு பாட்டில் வரும் துருநிறப் புடவைக்காக நிறையக் கடை ஏறி இறங்குவதாக இருந்தேன். இனி நிறத்தை என் விருப்பத்துக்கு எடுத்துக்கொண்டு கரையை மட்டும் படத்திலிருந்து எடுக்கிறேன். சவுரிமுடி அக்கா, அத்தையின் ரவிக்கை ஒன்று கிடைத்துவிட்டது, அளவுக்கு அதைத்தான் கொடுக்கப் போகிறேன்.

தறிச்சத்தம்:
துணி பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நானும் வருகிறேன். வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி.

பழைய தோற்றம் வேண்டும் என்று சொல்லி விசைத்தறியில் நெய்து மேலே அச்சடித்த துணியை வாங்கிவிட்டு, ஏன் அந்தக் காலத்துப் புடவை மாதிரி விழவில்லை என்று கேட்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைச் சௌராஷ்டிரர்கள் துணியைச் சிறுசிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள், முடிச்சை அவிழ்த்தால் அந்த இடத்தில் புள்ளி நிற்கும். கையால் கட்டிய புள்ளி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, தொட்டால் அந்த இடத்தில் சின்னச் சுருக்கம் தெரியும். இப்போது சந்தையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் சாதா அச்சும்தான். அதுவும் கட்டுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, விலையும் குறைவு, தாராளமாக வாங்குங்கள். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். செட்டிநாட்டுக் கண்டாங்கியும் அப்படித்தான், கனமான நூல், பெரிய கட்டம், அகலக் கரை, ஆரம்பத்தில் முரடாக இருக்கும், துவைக்கத் துவைக்கத்தான் இளகும். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முதல் தடவை கட்டிவிட்டுப் பிடிக்கவில்லை என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

தம்பி நாய்க்காதுகாலருக்கு ஒன்று சொல்கிறேன். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைகள் வந்தன. சாயம் போகிற துணி, துவைத்தவர்கள் கோபப்பட்டார்கள். பிறகு அந்தச் சாயம் ஓடுவதையே அதன் சிறப்பாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள், துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கும் என்று. 60களில் அங்கே கல்லூரி மாணவர்களுக்கு அதுதான் கோடைக்கால உடுப்பு. அதற்கும் எத்தனையோ காலம் முன்பிருந்தே இதே கட்டத் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இந்தத் துணியில் நூலைக் கத்தியால் எடுத்து எடுத்துப் புதுக் கோலம் உண்டாக்கிச் சடங்குகளுக்கு உடுத்துகிறார்கள். இவ்வளவு புகழ் உள்ள கட்டத்தை நாம் கைலியாகக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். குடியாத்தம், குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலி ஒன்று வாங்கி, முனைகளை மூட்டாமல், அரைக்கைச் சட்டையாகத் தைத்துப் பாருங்கள். இரண்டு மீட்டர் துணி நடுத்தர உடம்புக்குப் போதும். பையும் பொத்தான் பட்டியும் கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும் என்று தையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்படியானால் கொஞ்சம் துணி கூட வேண்டும். முதல் சில துவைப்பு குளிர்ந்த நீரில், தனியாக.

நாய்க்காதுகாலர்:
அண்ணா, இதுதான் வேண்டும். இந்த வாரமே துணி எடுக்கிறேன். கைலி வெட்டில் பெரிய காலர் ஒத்துவருமா, இல்லை சின்னக் காலர்தானா?

தறிச்சத்தம்:
சின்னக் காலர். கட்டமே போதுமான அளவு பேசும்.

நாகர்கோவில்காரி:
எல்லாம் படித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்தக் காலத்து உடை அழகு என்று நாம் பேசும்போது யாருடைய அந்தக் காலம் என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கம், அன்றைய தென் திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது, அடி வாங்கினார்கள், வீடுகள் எரிந்தன. 1859-ல்தான் அரசு இறங்கிவந்தது, அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. ரவிக்கை என்பது எங்கள் வீடுகளில் ஒரு துணித்துண்டு மட்டும் இல்லை. 60களின் படங்களில் வரும் பியானோ வைத்த பெரிய வீட்டில் எங்கள் பாட்டி வேலைக்காரியாகத்தான் நுழைந்திருக்க முடியும். என் அம்மாவுக்குக் கல்யாணத்தின்போது இருந்தவை சில புடவைகள்தான், கிழிந்ததைத் தைத்துத் தைத்துக் கட்டினார். பழையதை ரசியுங்கள், ஆனால் அது எல்லாருக்கும் இனிமையாக இருந்தது என்று எழுதாதீர்கள்.

கொங்குநூல்:
நாகர்கோவில்காரி, நீங்கள் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன், இது இந்த இழையில் இருக்க வேண்டிய பதிவு. எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாயகியை விட்டுப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள் என்று நான் எழுதியதற்கும் இதுதான் அடிப்படை. அந்த வீட்டு வேலைக்கார அம்மாவின் கட்டும், பூக்காரம்மாவின் கட்டும், வயலில் நடவு நடுகிறவரின் கட்டும் வேலை செய்ய வசதியாக அவர்களே கண்டுபிடித்தவை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகும் விதத்தில் எத்தனை வகை இருக்கிறது! அதற்கு எந்த உடை அலங்காரக் கலைஞர் பெயரும் போட மாட்டார்கள். உங்கள் அம்மா தைத்துத் தைத்துக் கட்டினார் என்றீர்களே, அந்த இழையோட்டத் தையல் பற்றி எழுத முடியுமா? உண்மையாகவே கற்றுக்கொள்ளக் கேட்கிறேன்.

நாகர்கோவில்காரி:
எழுதுகிறேன். கிழிசலுக்கு மேலே ஒட்டுப் போடாமல், அதே புடவையின் உள்முனையிலிருந்து நூலை உருவி எடுத்து, அந்த நூலாலேயே குறுக்கும் நெடுக்குமாக நெய்கிற மாதிரி ஊசியை ஓட்டுவார். நிறமும் பருமனும் ஒன்றாக இருப்பதால் தூரத்தில் தெரியாது. கரைப் பக்கம் கிழிந்தால் புடவையைக் குறுக்கே வெட்டி முனைகளைத் திருப்பி இணைப்பார், மூட்டு கொசுவத்துக்குள் மறைந்துவிடும். பழைய துணி வாங்கி அணிகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பழைய துணி கண்டிப்பாகக் கிழியும்.

தறிச்சத்தம்:
அருமையான கைவேலை. அதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். தெருவில் பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம் என்று கூவிக்கொண்டு வருகிறவர்களிடம் பாட்டி புடவையைப் போட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது சரிகை. நல்ல சரிகை என்றால் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளியிழை சுற்றி, அதன்மேல் தங்கமுலாம் பூசியது. புடவையை எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள், ஐம்பது வருடத்து நெசவு சாம்பலாகிவிடும். உடல் பகுதி நைந்துபோயிருந்தால்கூடக் கரையையும் முந்தியையும் வெட்டியெடுத்து வேறு புடவையில் வைத்துத் தைக்கலாம், ரவிக்கைக்குக் கை வைக்கலாம். பத்திரப்படுத்தும்போது பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம், அந்துருண்டை சரிகையில் படக் கூடாது, வசம்பு போதும். அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள். பட்டு மடிப்பில்தான் முதலில் விடும்.

புளியங்கொட்டை:
உடைக்காரர்கள் கொஞ்சம் இடம் கொடுங்கள், விளையாட்டுக்கு வருவோம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கைபேசிகளை ஒரு கூடையில் போட்டுவிட்டுப் பல்லாங்குழி எடுத்துவிடுவோம். பலகையில் பக்கத்துக்கு ஏழு, ஆக 14 குழி. குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை, நாங்கள் ஆடும் கணக்கு அது, ஆறு போட்டும் ஆடுவார்கள். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக விதைத்துக்கொண்டே போக வேண்டும், கை காலியானதும் அடுத்த குழியை எடுத்துத் தொடரலாம், அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். உங்கள் பக்கத்துக் குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, உடனே எடுத்துக்கொள்ளலாம், கவனிக்காமல் விட்டால் போச்சு. என் பையன் கணக்கில் பின்தங்கியவன், இப்போது குழியை எண்ணாமலே பார்த்ததும் எங்கே போய் முடியும் என்று சொல்லிவிடுகிறான். அவன் முகத்தில் அப்போது வரும் பெருமையைப் பார்க்கவே அந்தப் பலகையை எடுக்கிறேன்.

தாயத்துக்குப் பித்தளைக் கட்டை இரண்டு வாங்கினால் போதும், கட்டம் சாக்பீஸில் தரையில் போட்டுக்கொள்ளலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடும் வழக்கம் உண்டு இல்லையா, அதே பொழுதில் நாங்கள் தாயமும் உருட்டுவோம். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது என்பதால் முதல் அரைமணி நேரம் வீடே கூச்சலாக இருக்கும்.

சிங்கைத்தமிழன்:
புளியங்கொட்டை, இங்கே மலாய் நண்பர்கள் வீட்டில் சொங்காக் என்று ஒன்று ஆடுவார்கள். அதே விதைக்கும் ஆட்டம்தான், பலகையின் இரு முனையிலும் பெரிய குழி ஒன்று கூடுதலாக இருக்கும், சேர்த்ததை அதில் போட வேண்டும். எங்கள் பாட்டி அதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் ஆட ஆரம்பித்துவிட்டார், மொழி தேவைப்படவே இல்லை.

எட்டுபிட்:
நான் 90களில் வளர்ந்தவன், எனக்குப் பழையது என்றால் தொலைக்காட்சியில் மாட்டி ஆடிய வீடியோ கேம்தான். நிண்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள் இங்கே மலிவாகக் கிடைத்தன, மஞ்சள் கேசட்டில் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும், உள்ளே பார்த்தால் கொஞ்ச ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். கான்ட்ரா என்ற ஆட்டத்தில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம், பி, ஏ, அழுத்தினால் 30 உயிர். தெருவில் ஒருவருக்குத் தெரிந்தால் மறுநாள் எல்லாருக்கும் தெரியும்.

மறுபடி ஆட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி இன்றைய எல்இடி தொலைக்காட்சியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடிப்பொழுது கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும், துப்பாக்கியில் இருக்கும் ஒளி உணரி அதைப் பார்க்கிறது. பழைய குழாய்த் திரை படத்தை வரைகிற நேரக் கணக்கை நம்பித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆகவே அந்த ஆட்டத்துக்குப் பழைய பெட்டி டிவிதான் வேண்டும். பழைய சாமான் கடையில் கிடைத்தால் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள், ஆனால் நீங்களாகப் பின்பக்கத்தைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும், பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். மற்ற ஆட்டங்களுக்கு எமுலேட்டர், அதாவது பழைய ஆட்டத்தைக் கணினியில் ஓடவிடும் மென்பொருள், போதும் என்பார்கள், ஆனால் இரண்டு பேர் தரையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதுதான் இதன் சுகமே, அதை மட்டும் விடாதீர்கள்.

கொங்குநூல்:
எட்டுபிட், புளியங்கொட்டை இருவருக்கும் நன்றி. அடுத்த வாரம் அலுவலகத் தோழிகளோடு ஆழியாறு போகிறோம். கண்டாங்கி, சுங்குடி, யாரிடம் என்ன பருத்தி இருக்கிறதோ அதைக் கட்டிக்கொண்டு. எலுமிச்சைச் சாதம், புளியோதரை கட்டிக்கொள்கிறோம். அங்கே மரத்தடியில் உட்கார்ந்து ஆட பலகை எதுவும் தூக்கிக்கொண்டு போகாத மாதிரி ஒரு விளையாட்டு சொல்லுங்களேன்.

புளியங்கொட்டை:
ஆடுபுலி ஆட்டம். பாறையிலோ மண்ணிலோ கோடு கிழித்துக்கொள்ளலாம், கோயில் தளங்களில் கல்லிலேயே செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உச்சியிலிருந்து விரியும் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள், மொத்தம் 23 புள்ளி. மூன்று பெரிய கல் புலி, 15 சின்னக் கல் ஆடு. புலிக்காரர் ஒரு புலியை வைத்தால் ஆட்டுக்காரர் ஓர் ஆட்டை வைக்க வேண்டும், மூன்று புலியும் இறங்கியபின் புலி நகரலாம், ஆடுகள் எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி நேர்கோட்டில் ஆட்டைத் தாண்டி அடுத்த வெற்றுப் புள்ளியில் குதித்தால் ஆடு வெட்டு. எத்தனை வெட்டினால் புலிக்கு ஜெயம் என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆரம்பிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்தால் ஆடு ஜெயித்தது. முதல் தடவை ஆடுகிறவர் ஆட்டுப் பக்கம் உட்காரட்டும். ஆடுகளை ஓரங்களில் வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள், ஓரத்தில் இருக்கும் ஆட்டுக்குப் பின்னால் புலி குதிக்க இடம் இருக்காது.

சவுரிமுடி:
அணைப்பக்கம் காற்று அடிக்கும், முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகிக்கொண்டு உட்காருங்கள். படம் எடுத்தால் இங்கே போடுங்கள், அந்த ரவிக்கை எப்படி வந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.